வழிபாட்டை விட்டவர் கடவுளை விட்டவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் பெரியவர் ஒருவர் தம் மகனைப் பற்றி மிகுந்த வேதனையோடு எழுதியிருந்தார். சமய ஒழுக்கத்தில் எக்குறையும் இல்லாமல் வளர்க்கப்பட்ட அந்த மகன் வீட்டு வழிபாட்டில் கலந்துகொள்வதை நிறுத்திவிட்டான் என்றும், காரணம் கேட்டால் தனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, ஆனால் அது தன் வழியில் இருக்கும் என்று மட்டும் சொல்கிறான் என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். நோன்பு, நியமம், நேரம் தவறாத வழிபாடு ஆகிய எதற்கும் உடல் வணங்காத இக்காலத்து இளைஞர்கள் தங்கள் வசதிக்கேற்ப ஒரு கடவுளைச் செய்துகொள்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. அவருடைய வேதனையை நான் மதிக்கிறேன். அந்த முடிவை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நானும் அத்தகைய ஒரு வீட்டில் வளர்ந்தவள். என் சமயத்தின் பெயரை இக்கடிதத்தில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பெயரைச் சொன்ன உடனே, அச்சமயத்தைச் சாராதவர்கள் ‘அவர்கள் அப்படித்தான்’ என்று நிம்மதி அடைந்துவிடுவார்கள். அச்சமயத்தைச் சார்ந்தவர்கள் தங்கள் சமயம் தாக்கப்படுவதாக எண்ணி, மேலே படிக்காமல் விட்டுவிடுவார்கள். வெவ்வேறு சமயங்களில் கண்டிப்போடு வளர்க்கப்பட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. எங்கள் இளமைக் காலத்தை ஒப்பிட்டுப் பேசும்போதெல்லாம், ஓதிய சொற்களும் செய்த சடங்குகளும் வேறாக இருந்தபோதிலும், வளர்ந்த வீடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததைக் கண்டு வியந்திருக்கிறோம்.

அந்த வீட்டில் நாளின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விதி இருந்தது. கண் விழித்ததும் எதைச் சொல்ல வேண்டும், எதைத் தொடக்கூடாது, யாரோடு பழகலாம், எந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாம் என்பதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தன. புனித நூலின் பெரும்பகுதியைப் பொருள் விளங்காத வயதிலேயே மனப்பாடம் செய்தேன். இதனால் நான் பெற்றவை சிறியவை அல்ல. நல்ல நினைவாற்றல், நீண்ட நேரம் ஓரிடத்தில் அசையாமல் அமரும் பழக்கம், கொடுத்த வாக்கைக் காக்கும் பிடிவாதம், துக்கம் நேர்ந்த வீட்டுக்கு அழைப்பை எதிர்பாராமல் வந்து நிற்கும் மனிதர்களின் துணை ஆகிய அனைத்தும் அந்த வளர்ப்பு எனக்குத் தந்தவை. கண்டிப்பான சமய வளர்ப்பு முழுவதும் இருட்டு என்று எழுதுபவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

ஆனால் அந்த ஒழுங்கு முழுவதையும் தாங்கி நின்றது அச்சம். குழந்தைக்கு அன்பைக் காட்டிலும் அச்சம் விரைவில் விளங்கும் என்பதால், கடவுளைப் பற்றிய முதல் பாடமாக அதையே பல வீடுகளில் புகட்டிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், எதையும் மறக்காத ஒருவர், தண்டிக்கத் தயங்காத ஒருவர் என்ற உருவம் ஐந்தாறு வயதிலேயே உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. செய்த குற்றத்துக்கு மட்டும் அஞ்சுவதோடு அது நிற்பதில்லை. மனத்தில் தானாக எழுந்து மறையும் ஓர் எண்ணத்துக்காக, ஓதும்போது தவறிய ஒரு சொல்லுக்காக, நோயுற்ற பாட்டிக்காக வேண்டிக்கொள்ள மறந்து உறங்கிப்போன ஓர் இரவுக்காக அக்குழந்தை நடுங்குகிறது. வெளியே மிகவும் அடக்கமான, பக்தியுள்ள பிள்ளை என்று பெயரெடுக்கும் அக்குழந்தை உள்ளே படும் பாடு பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

சமயத்தை வெறுப்பவர்கள் கட்டிய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சமயங்களின் உள்ளேயே இது நன்கு அறியப்பட்ட துன்பம். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 1522ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில் தங்கித் தவம் மேற்கொண்டிருந்த காலத்தில், முன்பே அறிக்கையிட்ட பாவங்களைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்து, திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி காணாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்றார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று அவரே உறுதி செய்துகொண்ட பிறகுதான் அத்துன்பம் அவரை விட்டு நீங்கியது. உலகம் அறிந்த ஒரு துறவற சபையைத் தோற்றுவித்தவருக்கே, கடவுளை நெருங்குவதற்குத் தம் அச்சத்தை இறக்கி வைப்பது தேவைப்பட்டது என்பதைப் பிள்ளைகளைக் கண்டிப்போடு வளர்க்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். சமயம் சார்ந்த இந்த மிகையான குற்ற உணர்வை இன்றைய உளவியல் மருத்துவம், வேண்டாத எண்ணங்கள் விடாமல் திரும்பத் திரும்ப எழும் எண்ணச்சுழற்சி நோயின் (OCD) ஒரு வகையாகவே கருதிச் சிகிச்சை அளிக்கிறது.

அச்சத்தின் விளைவு இளமையோடு முடிவதும் இல்லை. சமயமும் மனநலமும் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்துவரும் கென்னத் பார்கமென்டும் அவருடைய குழுவினரும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியோரை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார், நோயைத் தண்டனையாக அனுப்பியிருக்கிறார் என்று உள்ளுக்குள் போராடிக்கொண்டிருந்தவர்கள், அத்தகைய போராட்டம் இல்லாதவர்களைவிட அந்த இரண்டாண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்ததை அந்த ஆய்வு கண்டது. நோயின் கடுமை போன்ற பிற காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. வாழ்நாள் முழுவதும் வழிபட்ட ஒருவர், இறுதிக் காலத்தில் தாம் வழிபட்ட கடவுளையே தம் பகைவராகக் காண நேர்வதைக் காட்டிலும் பெரிய துயரம் எது? அத்தகைய மரணத்தை நான் மிக அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். எல்லா நியமங்களையும் தவறாது காத்த ஒருவர், எந்த நியமத்தில் தவறியதால் இந்த நோய் வந்தது என்று கடைசி நாட்களில் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கற்பிக்கப்பட்ட கடவுளிடம் அவர் சாய்ந்து அழுவதற்கு இடமே இருக்கவில்லை.

பெரியவரின் குற்றச்சாட்டு, விலகுபவர்கள் வசதிக்காக விலகுகிறார்கள் என்பது. நான் கண்ட அளவில் உண்மை இதற்கு நேர்மாறானது. சமயத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்கள் விலகுவதில்லை. விலக வேண்டிய தேவையே அவர்களுக்கு எழுவதில்லை. அவர்கள் வழிபாட்டுக்கு வருவார்கள், நிற்பார்கள், மனம் வேறெங்கோ இருக்கும், முடிந்ததும் கலைந்து செல்வார்கள். அவர்களை யாரும் குறை சொல்வதும் இல்லை. ஓதிய ஒவ்வொரு சொல்லையும் உண்மையென்று நம்பி, அதன்படி வாழ முயன்று, அச்சொல்லுக்கும் தம் மனச்சான்றுக்கும் இடையே விரிசல் கண்டபோது உறக்கம் இழந்தவர்களே பெரும்பாலும் வெளியேறுகிறார்கள். வசதியை நாடுபவருக்குத் தலையாட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பதைவிட எளிய வழி வேறில்லை. சொத்து, சுற்றம், திருமண உறவு, ஊராரின் மதிப்பு ஆகிய அனைத்தும் உள்ளே இருப்பவர்களுக்கே கிடைக்கின்றன.

வள்ளலார் இராமலிங்க அடிகளை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1873 அக்டோபரில், மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிய நாளில் அவர் ஆற்றிய பேருரையில், தாம் முதலில் சைவ சமயத்தின் மீது வைத்திருந்த பற்று அளவிட்டுச் சொல்ல முடியாதது என்றும், அதற்குத் தாம் பாடிய தோத்திரங்களே சாட்சி என்றும், அந்தப் பற்று இப்போது தம்மை விட்டுப் போய்விட்டது என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அக்காலத்தில் தமக்கு இருந்த அறிவு அவ்வளவே என்றும் காரணம் கூறினார். சமயத்தின் சுவையே அறியாத ஒருவர் சொன்ன சொற்கள் அல்ல இவை. கேட்டவர்கள் உருகும்படி இறைவனைப் பாடிய ஒருவர், தம் ஐம்பதாம் வயதில், தம்மைச் சூழ்ந்திருந்த அன்பர்களின் முன்னிலையில் சொன்னவை. அவர் அதற்கு முன்பே, 1867இல், வடலூரில் தருமசாலையைத் தொடங்கிப் பசித்தவர் எவராயினும் சாதி, சமயம் கேளாமல் உணவளிக்க ஏற்பாடு செய்திருந்தார். உயிர்களிடத்து இரக்கமே வழிபாடு என்று கொண்ட அவருடைய நெறி, அவர் விட்டு வந்த நெறியைவிட எளிதானது என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு சடங்கை நேரத்தில் செய்து முடித்துவிடலாம். பசித்த உயிர் ஒன்று உலகில் இருக்கும்வரை இரக்கத்தைச் செய்து முடித்ததாகக் கணக்கு எழுத முடியாது.

விலகுதல் ஒரே நாளில் நிகழ்வதில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மகன் வழிபாட்டுக்கு வராத அந்த முதல் நாள் பெரியவருக்குத் தொடக்கமாகத் தோன்றுகிறது. மகனுக்கு அது பல ஆண்டுகளின் முடிவாக இருக்கும். கேள்விகளை முதலில் நாம் நம்மிடமே மறைக்கிறோம். பிறகு மற்றவர்களிடம் மறைக்கிறோம். உதடு ஓதிக்கொண்டிருக்கும்போது உள்ளம் மௌனமாக இருக்கும் அந்த இரட்டை வாழ்க்கை, நேர்மையைக் கற்பித்து வளர்க்கப்பட்ட ஒருவருக்குத் தாங்க முடியாத சுமை. என் பெற்றோர் எனக்குக் கற்பித்த முதல் அறம் பொய் சொல்லாமை. நம்பாத சொற்களை அவர்கள் முன்னிலையில் நம்புவதுபோல் நாள்தோறும் ஓதிக்கொண்டிருந்தது அந்த அறத்தையே மீறுவதாக எனக்குப் பட்டது. ஆகவே அவர்கள் தந்த ஒழுக்கமே என்னை அவர்களுடைய வழியிலிருந்து வெளியே அழைத்து வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. இதை என் தந்தையாரிடம் அவர் வாழ்ந்த காலத்திலேயே சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியானால் பொய் மட்டும் சொல்லாதே என்றார். அதன் பிறகு என்னை அவர் வழிபாட்டுக்கு வற்புறுத்தவே இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் அவரை வணங்குகிறேன்.

எல்லோருக்கும் அத்தகைய தந்தை வாய்ப்பதில்லை. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் யூதச் சமூகம், பின்னாளில் தத்துவஞானியாகப் புகழ்பெற்ற, அப்போது 23 வயதே நிரம்பிய ஸ்பினோசாவை விலக்கிவைத்தது. யாரும் அவரோடு பேசக்கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதிய எதையும் படிக்கக்கூடாது என்று அந்த ஆணை விதித்தது. கடவுளைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் சிந்தித்த ஒருவருக்கு இது நேர்ந்தது. அன்னி பெசன்ட்டின் கதையும் அத்தகையதே. கிறித்தவப் போதகர் ஒருவரை மணந்து, ஆழ்ந்த பக்தியோடு வாழ்ந்த அவருக்கு, தம் சிறு மகள் கக்குவான் இருமலால் உயிருக்குப் போராடியபோதுதான், அன்பே உருவான கடவுள் குழந்தையை ஏன் இவ்வாறு வதைக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. நம்பாத நிலையில் திருவிருந்தில் பங்கேற்க அவர் மறுத்தார். 1873இல் கணவரிடமிருந்து பிரிந்தார். பிற்பாடு 1878இல் நீதிமன்றம் அந்த மகளை அவரிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தபோது, அவருடைய நாத்திகக் கருத்துகளும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. நோயுற்ற குழந்தையின் படுக்கை அருகே பிறந்த ஐயத்தை எந்தக் கணக்கில் வசதி என்று எழுதுவது?

இனி, விலகிய பின் நேர்வதைச் சொல்கிறேன். பெரியவர் எண்ணுவதுபோல் அது கொண்டாட்டம் அன்று. நம்பிக்கை போன பிறகும் அச்சம் போவதில்லை. தண்டிக்கும் கடவுள் இல்லை என்று அறிவு தெளிந்துவிடும். இடி முழங்கினாலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் உடல் பழைய கணக்கையே பார்க்கும். வாரந்தோறும் கூடிய மனிதர்கள் இல்லாமல் போகிறார்கள். துக்கத்தில் என்ன சொல்வது, மகிழ்ச்சியில் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் வாய் அடைத்துப்போகிறது. எனக்கு நேர்ந்தவற்றுள் மிகக் கொடியது இதுதான். மிகவும் வேண்டிய ஒருவர் அறுவைச் சிகிச்சை அறையில் இருந்தபோது, வெளியே அமர்ந்திருந்த என் உதடுகள் பழைய வேண்டுதலைத் தாமாகவே தொடங்கின. பாதியில் நிறுத்தினேன், நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. வழிபாட்டை இழந்த ஒருவர் அதற்காக அழுவது உண்டு என்பதை வழிபாட்டில் இருப்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

அந்த வெறுமையிலிருந்து என் வழியை நான் மெல்ல மெல்லத்தான் அமைத்துக்கொண்டேன். அதை ஆன்மிகம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நாள்தோறும் ஒரு நேரம் பேசாமல் அமர்கிறேன். எதையும் கேட்பதில்லை, எதற்கும் மன்னிப்புக் கோரி நடுங்குவதும் இல்லை. அன்று நான் யாரைப் புண்படுத்தினேன், எங்கே நேர்மை தவறினேன், யாருக்கு உதவியிருக்க முடியும் என்று மட்டும் பார்க்கிறேன். இளமையில் படிக்கக்கூடாது என்று விலக்கப்பட்ட பிற சமயங்களின் நூல்களைப் பொறுமையாகப் படிக்கிறேன். நோயுற்றவர்களோடு இருக்கும் பணியைச் செய்கிறேன். இவை அனைத்தையும் செய்யாவிட்டாலும் கேட்பார் எவரும் இல்லை. மழைநாளில் சோம்பினால் முகம் சுளிக்கும் பெரியவர் இல்லை. செய்தால் பாராட்டும் கூட்டமும் இல்லை. கட்டுப்பாடான வழிபாட்டில் என் பாதி வேலையை மணியும் ஊரும் செய்துவிட்டன. இப்போது முழு வேலையையும் நானே செய்ய வேண்டியிருக்கிறது. விடுதலை பெற்ற ஆன்மிகம் எளிது என்று சொல்பவர்கள் அதைத் தொடர்ந்து ஓராண்டு கடைப்பிடித்துப் பார்க்கட்டும்.

பழைய பாடல்களுக்கு நான் திரும்பி வந்ததும் உண்டு. அச்சம் அகன்றபின், சிறுமியாக இருந்தபோது மனப்பாடம் செய்த வரிகளின் அழகு முதன்முறையாக எனக்குப் புலப்பட்டது. இன்று அவற்றை நான் பாடுகிறேன். பாடாவிட்டால் என்ன நேருமோ என்று எண்ணாமல் பாடுகிறேன். என் தாயார் பாடிய அதே வரிகளை அவர் அறிந்திராத ஒரு மனநிலையில் பாடுவது, அவருக்கு நான் செய்யும் துரோகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரியவரின் கவலையில் நியாயமான ஒரு பகுதி உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தன் வழி என்ற பெயரில் எந்த வழியிலும் நடக்காதவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் தியானம், மறு வாரம் வேறொன்று என்று மாறி மாறிச் சுவைத்துவிட்டு, மனத்துக்கு இதமாக இருப்பதை மட்டும் ஆன்மிகம் என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்தானது, ஒரு கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வந்தவர் தாமறியாமலே இன்னொரு கட்டுப்பாட்டைத் தேடுவது. கீழ்ப்படிந்தே பழகிய மனம், பழைய குருவின் இடத்தில் புதிய குருவை அமர்த்திவிட்டு விடுதலை பெற்றதாக எண்ணிக்கொள்கிறது. பணம் கேட்கும் குரு, குடும்பத்தோடு பேசாதே என்னும் குரு, தம்மைக் கேள்வி கேட்பதே ஆணவம் என்னும் குரு ஆகியோரிடம் முதலில் சிக்குபவர்கள், கண்டிப்பான வீடுகளிலிருந்து காயத்தோடு வெளியேறிய இளைஞர்களே. வீடு அவர்களைத் துரத்தும்போது அத்தகைய வாசல்களுக்குத்தான் துரத்துகிறது என்பதைப் பெற்றோர் மறக்கக்கூடாது.

சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியைப் பிரம்மஞான சபையினர் அடையாற்றுக் கடற்கரையில் சிறுவனாகக் கண்டெடுத்து, உலக குருவாக வளர்த்தார்கள். அவருக்காகவே 1911இல் ஓர் அமைப்பும் உருவாக்கப்பட்டது. அவரோ 1929 ஆகஸ்டில் நெதர்லாந்து நாட்டின் ஓமன் நகரில் கூடியிருந்த ஆயிரக்கணக்கான உறுப்பினர்களின் முன்னால் அந்த அமைப்பைக் கலைத்தார். உண்மைக்கு அமைக்கப்பட்ட பாதை கிடையாது, தமக்குச் சீடர்கள் தேவையில்லை என்று அறிவித்தார். அமைப்புக்கு வந்திருந்த சொத்துகளும் திருப்பித் தரப்பட்டன. புதிய வழி தேடும் இளைஞர்களுக்கு நான் சொல்வது, எந்த ஆசிரியரிடமும் கற்கலாம். ஆனால் அவரைவிட்டு அஞ்சாமல் வெளியேற முடியுமா என்பதை முதல் நாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். வாசல் வெளிப்புறமாகத் திறக்காத இடத்தில் இருப்பது பழைய வீடே.

விலகி வந்தவர்களில் சிலர், வழிபாட்டில் இருக்கும் முதியவர்களை ஏளனம் செய்வதையும் பார்க்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எழுபது ஆண்டுகள் ஒரே வேண்டுதலைச் சொல்லித் தன் துயரங்களையெல்லாம் கடந்து வந்த ஒரு தாயின் முன்னால், அந்த வேண்டுதலுக்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று வாதிடும் மகன் எந்த விடுதலையையும் அடைந்துவிடவில்லை. தன் மனச்சான்றுக்கு மதிப்புக் கேட்பவர் தாயின் மனச்சான்றுக்கும் அதே மதிப்பைத் தரக் கடமைப்பட்டவர்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1948இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு, ஒருவர் தம் சமயத்தையோ நம்பிக்கையையோ மாற்றிக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாகக் கூறுகிறது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதன் 14ஆம் பிரிவு, சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றில் குழந்தைக்கே சுதந்திரம் உண்டு என்று ஏற்றுக்கொண்டு, வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் கடமையையும் அதனோடு சேர்த்தே காக்கிறது. ஆனால் அந்த வழிகாட்டுதல் குழந்தையின் வளர்ந்துவரும் ஆற்றலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லலாம். பதினைந்து வயதில் அதன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதில் அதன் முடிவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பிரிவை நான் இவ்வாறுதான் புரிந்துகொண்டிருக்கிறேன். பல வீடுகளில் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதாகியும், ஐந்து வயதில் பிடித்த பிடி தளர்வதில்லை.

பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்லியாக வேண்டும். ஒரே வீட்டில் ஒரே கண்டிப்பு மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மகன் விலகினால் காலப்போக்கில் திரும்புவான் என்று காத்திருக்கிறார்கள். மகள் விலகினால் குடும்ப மானம் போய்விட்டது என்கிறார்கள். அவளுடைய உடை, படிப்பு, திருமணம் ஆகிய மூன்றும் உடனே கேள்விக்கு உள்ளாகின்றன. ஆகவே பெண்கள் பலர் விலகியதை வெளியே சொல்வதே இல்லை. ஆயுள் முழுவதும் வழிபாட்டு வரிசையில் நின்றுகொண்டே உள்ளுக்குள் வெளியேறிவிடுகிறார்கள். அவர்களைக் கணக்கெடுக்க எந்த ஆய்வாலும் முடியாது.

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023இல் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் 22 விழுக்காட்டினர் சமயப் பற்று இல்லாத, ஆனால் ஆன்மிக நாட்டம் உடையவர்கள் என்ற வகையில் அடங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் மனிதருக்கு உடலைக் கடந்த ஆன்மா ஒன்று உண்டு என்று நம்புபவர்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் இப்படி இருப்பதை ஒரு தலைமுறையின் சோம்பல் என்று மட்டும் விளக்கிவிட முடியுமா என்று பெரியவரே சிந்திக்கட்டும்.

இதையெல்லாம் எழுதும் எனக்கு இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. எந்தச் சடங்குக்கும் வற்புறுத்தாமல் நான் வளர்த்த என் மகள், தன் விருப்பத்தின் பேரில், என் தாய் தந்தையர் கடைப்பிடித்ததைக் காட்டிலும் கண்டிப்பான ஒரு வழிபாட்டு ஒழுங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் விடியலுக்கு முன் எழுந்து ஓதும் ஒலி என் அறைவரை கேட்கிறது. முதல் சில வாரங்கள் எனக்கு அது கலக்கமாகவே இருந்தது. நான் வெளியேறி வந்த அச்சத்துக்குள் அவள் நுழைகிறாளோ என்று மனம் பதறியது. பிறகு அவளிடமே கேட்டேன், அம்மா, இதைச் செய்யாத நாளில் உனக்குப் பயமாக இருக்குமா என்று. இல்லை, வெறுமையாக இருக்கும் என்றாள். அதற்கு மேல் நான் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. அச்சமில்லாமல் ஏற்ற கட்டுப்பாடும் விடுதலையே என்று நான் நம்புவதால், அவள் எழும் நேரத்துக்கு விளக்கை ஏற்றி வைக்கிறேன். அவள் அமரும்போது நான் என் இடத்தில் மௌனமாக அமர்கிறேன்.

ஆகவே அந்தப் பெரியவருக்குத் தங்கள் நாளிதழின் வழியாக நான் தெரிவித்துக்கொள்ள விரும்புவது இவ்வளவே. ஐயா, தங்கள் மகனிடம் ஏன் வழிபாட்டுக்கு வருவதில்லை என்று இனிக் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வியை அவர் குற்றச்சாட்டாகவே கேட்டுப் பழகியிருப்பார். அவருடைய வழி என்ன, அதில் அவர் என்ன செய்கிறார், அது அவருக்கு என்ன தருகிறது என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாமல் இருக்கலாம். அதற்குரிய சொற்கள் அவருக்கு இன்னும் கிடைத்திருக்க மாட்டா. இடைமறிக்காமல் கேளுங்கள். தங்களுக்கு அந்த வழிபாடு எதைத் தந்தது என்பதையும் சொல்லுங்கள். கடமையைச் சொல்லாமல், தங்கள் வாழ்வில் அது தங்களைத் தாங்கிய ஒரு நேரத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தம் பெற்றோர் வாயால் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வழிபாடு முடிந்தபின் எல்லோரும் சேர்ந்து உண்ணும் இடத்தில் அவருக்குரிய இருக்கையை எடுத்துவிடாதீர்கள்.

தங்கள் நாளிதழும், பெற்றோர் தரப்பிலிருந்தும் பிள்ளைகள் தரப்பிலிருந்தும் இத்தகைய அனுபவங்களைப் பெயர் வெளியிடாமல் எழுத விரும்புவோருக்குச் சில வாரங்கள் இப்பகுதியில் இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி